தகட்டின் மேல் குடியேற்றம்

கண்டி
02.02.2025

அன்புள்ள மச்சாள்,

மூன்று கிழமையாகத் தொலைபேசியில் அழைத்துப் பார்த்துவிட்டேன். நீங்கள் எடுக்கப்போவதில்லை. ஆகவே இந்தக் கடிதம். நேரில் பேசினால் நான் ஒன்று சொல்ல நீங்கள் ஒன்பது சொல்வீர்கள். கடிதத்தில் முடியும்வரை நான் மட்டும் பேசலாம்.

பொங்கலன்று உங்கள் வீட்டில் நான் பேசிய விதம் பிழை. பேசிய விசயம் பிழையில்லை. பதினாறு வருடமாக உங்கள் வலது முழங்காலுக்குக் கீழே எலும்போடு திருகப்பட்டிருக்கும் அந்தத் தகட்டைக் கழற்ற வேண்டும் என்றேன். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "அண்ணா அதைச் சோத்துப் பானையிலை அவிச்சுத்தானே குடுத்தவர், அப்பவே கிருமி உள்ளுக்கை போயிருக்கும்" என்றும் சொன்னேன். நீங்கள் என் கோப்பையை எடுத்துக் குசினிக்குள் வைத்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றீர்கள். பஸ்ஸுக்கு வெகு நேரம் இருந்தது. அதை இருவரும் அறிவோம்.

அன்று உங்கள் காலிலிருந்து பஞ்சுக் குச்சியில் எடுத்துவந்த சீழை நான் படிப்பிக்கும் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்தேன். பொன்னிறமாக வளர்ந்தது. மனிதரின் மூக்கிலும் தோலிலும் சும்மா குடியிருக்கும் கிருமிதான் அது. உள்ளே உலோகத்தைக் கண்டால் குணம் மாறிவிடும். அதன்மேல் பசை போல ஒரு படலம் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். உயிர்ப்படலம் என்று சொல்வோம். தகடு இருக்கும்வரை அது போகாது. எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறது, மச்சாள். இப்படியே விட்டால் கால் போகும். கிருமி இரத்தத்தில் இறங்கினால் நீங்களே போவீர்கள். காணாமல் போன அண்ணாவைத் தேடித் தேடிக் களைத்துப்போன எனக்கு உங்களையும் இழக்கத் தெம்பில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்னோடு கோபமாக இருந்துகொண்டே போங்கள்.

உங்கள்
நிசாந்தினி


உடையார்கட்டு
19.02.2025

நிசா,

அன்புள்ள என்று போட மனம் வரவில்லை. போட்டதாக நினைத்துக்கொள்.

தபால்காரருக்கு உன் கடிதத்தால் பெரிய புதினம். "இந்தக் காலத்திலையும் கடிதம் எழுதுற ஆக்கள் இருக்கினமோ அக்கா? ஆர் உது?" என்று கேட்டார். "கோவிச்சுக்கொண்டு போன மச்சாள்" என்றேன். உண்மையில் கோவித்தது நான், போனது நீ. அதையெல்லாம் தபால்காரருக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

பானை, பானை என்றாயே, அந்தப் பானையைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? கடைசிச் சண்டை நேரம் நீ கண்டியில் படித்துக்கொண்டிருந்தாய். நான் பள்ளிக்கூட மேசையில் கிடந்தேன். பள்ளிக்கூடம்தான் அப்போது ஆஸ்பத்திரி. டொக்டர் காலைப் பார்த்துவிட்டு எடுக்கத்தான் வேண்டும் என்றார். அவரிலும் பிழையில்லை. வெளியே மரத்தடியில் எத்தனை பேர் கிடந்தார்கள். உன் அண்ணர் அங்கே ஒப்பரேசன் தியேட்டரில் எடுபிடி வேலை செய்கிறவர். டொக்டர் முன்னால் நிமிர்ந்து பேசி நான் கண்டதில்லை. அன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, ஒருக்கால் பொருத்திப் பாருங்கோ. இவ தையல் மிசின் மிதிக்கிறவ ஐயா" என்று அழுதார்.

பெட்டியில் கடைசியாக ஒரு தகடு இருந்தது. எண்ணெய் இல்லாமல் ஜெனரேட்டர் நின்றுபோய், கருவிகள் அவிக்கும் இயந்திரமும் நின்றுவிட்டது. எங்கள் சோற்றுப் பானையை மண் போட்டுத் தேய்த்து, பாலை விறகு மூட்டி, அதற்குள் தகட்டையும் திருகாணிகளையும் போட்டு அவித்தார். தண்ணீர் வற்ற வற்ற ஊற்றினார். செல் குண்டு விழுந்த சத்தத்துக்கு எல்லோரும் குப்புறப் படுத்தபோதும் அடுப்பை விட்டு அவர் அசையவில்லை என்று பக்கத்தில் கிடந்தவர்கள் சொன்னார்கள். வீட்டில் கையை மூன்று தரம் கழுவாமல் சோற்றில் கை வைக்காத மனிதன். அந்தக் கையைத்தான் நீ ஊத்தைக் கை என்றாய்.

எனக்கு மயக்கம் தெளிந்தபோது, "கௌசி, இது துருப்பிடியாது. நான் இல்லாட்டியும் உம்மைத் தாங்கும்" என்றார். பிறகு மாத்தளன் கடற்கரையில் காயக்காரரைத் தூக்கப் போனார். வரவில்லை. செத்தார் என்றும் ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே இந்த வீட்டில் செத்தவீடும் நடக்கவில்லை, அந்தியேட்டியும் நடக்கவில்லை. நான் பொட்டும் அழிக்கவில்லை. ஒரு படம்கூட மிஞ்சாமல் போனது உனக்குத் தெரியும். மிஞ்சியது இந்தத் தகடு ஒன்றுதான்.

புண் எனக்குப் பழகிவிட்டது. நீயும் பழகிக்கொள்.

கௌசலா


கண்டி
09.03.2025

அன்புள்ள மச்சாள்,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அன்று வகுப்புக்குப் போகவில்லை. பானையின் கதை அவ்வளவும் எனக்கு இப்போதுதான் தெரியும். அண்ணா அழுதார் என்பதையும் இப்போதுதான் அறிகிறேன். ஊத்தைக் கை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்படித்தான் கேட்டிருக்கும். அதற்காக மன்னியுங்கள்.

சமாதான காலத்தில் உங்களோடு கிளிநொச்சியில் தங்கிப் படித்தேனே, நினைவிருக்கிறதா? ஆஸ்பத்திரியில் கழித்துவிட்ட நுணுக்குக்காட்டியை அண்ணா யாரையோ பிடித்து எனக்குக் கொண்டுவந்தார். வீட்டில் கரண்ட் இல்லை. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி அவர் மிதிக்க, டைனமோ வெளிச்சத்தில் நான் வாய்க்கால் தண்ணீரைப் பார்ப்பேன். "கெதியாப் பாரடி, உன்ரை புழு பூச்சிக்கு நான் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்திடுவன்" என்று அவர் கத்துவார். நீங்கள் ஒருதரம் குனிந்து பார்த்துவிட்டு இரண்டு நாள் தண்ணீர் குடிக்க அருவருத்தீர்கள். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல ஆய்வுகூடம் எனக்குக் கிடைத்ததில்லை. இங்கே எல்லாம் இருக்கிறது, மிதிக்கத்தான் ஆளில்லை.

அந்த வெளிச்சத்தில் படித்ததைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன். கோபப்படாமல் வாசியுங்கள்.

ஏரம்பு மாமா யாழ்ப்பாணத்திலிருந்து முத்தையன்கட்டுக்குக் காணி கிடைத்து வந்த கதையை நீங்கள்தான் சொல்வீர்கள். முதலில் தனி ஆளாக வந்தார், குடில் போட்டார், வேலி அடைத்தார், பிறகு இனசனத்தை எல்லாம் கூப்பிட்டார். கிருமியும் அப்படித்தான். தனியாக அலையும்போது அதைக் கொல்வது சுலபம். உலோகத்தில் ஒட்டியதும் உள்ளே சில கட்டளைகள் மாறுகின்றன. ஒட்டுவதற்கு வேண்டியதைச் செய்கிறது, பெருகுகிறது, சுற்றிலும் பசை கட்டுகிறது. கூடவே ஒவ்வொன்றும் ஒரு சின்ன இரசாயனத் துணுக்கை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். ஆள் குறைவென்றால் அது கரைந்து காணாமல் போகும். ஆள் கூடினால் தேங்கும். தேங்கியது ஓரளவைத் தாண்டியதும், கூட்டம் சேர்ந்துவிட்டது என்று எல்லாவற்றுக்கும் தெரிந்துவிடும். உடனே கட்டளை மறுபடி மாறும். ஒரு பகுதி பசையை அறுத்துக்கொண்டு, நஞ்சைக் கக்கிக்கொண்டு வெளியேறும். உங்கள் கால் வீங்கிச் சீழ் வடிவது அப்போதுதான். பிறகு அடங்கும். நீங்கள் மாறிவிட்டது என்பீர்கள். மிச்சம் உள்ளே இருந்து மறுபடி பெருகும்.

இன்னொன்று. சீழ் வந்தால் புதுக்குடியிருப்பில் குளிசை வாங்குகிறீர்கள். இரண்டு மூன்று நாளில் காய்ந்ததும் நிறுத்திவிடுகிறீர்கள். மிச்சத்தைப் பக்கத்து வீட்டு மீனம்மாக்காவின் பல்லு வலிக்குக் கொடுக்கிறீர்கள். இல்லையென்று சொல்ல வேண்டாம், அலுமாரியில் அரைவாசி முடிந்த குளிசைப் பட்டைகளைக் கண்டேன். கொல்லப் போதாத மருந்து அந்தக் கிருமிக்கு எச்சரிக்கையாகப் போய்விடுகிறது. பசையை இன்னும் தடிப்பாகக் கட்டுகிறது. சில உள்ளே உறங்கிக் கிடக்கும். விழித்திருப்பதைத்தான் மருந்து கொல்லும், உறங்குவதைத் தொடாது. உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. வன்னியில் எந்த வீட்டு அலுமாரியைத் திறந்தாலும் அந்தப் பட்டை இருக்கிறது.

கிருமிகளை ஏமாற்றி வெளியே வரவைக்க ஒரு மருந்து செய்யலாமா என்றுதான் என் ஆராய்ச்சி. அது உங்கள் காலுக்கு நேரத்துக்கு வந்து சேராது. தகட்டை எடுப்பது ஒன்றுதான் வழி.

நிசாந்தினி


உடையார்கட்டு
21.04.2025

அன்புள்ள நிசா,

இந்த முறை போட்டுவிட்டேன் பார்.

உன் கிருமிகளுக்கு எங்கள் சனத்தைவிட ஒற்றுமை கூட. பத்துப் பேர் கூடினால் பதினொரு சங்கம் வைக்கிற இனம் நாங்கள். குளிசையை நிறுத்திவிட்டேன். மீனம்மாக்காவுக்கு என்மேல் கோபம். "படிச்ச மச்சாள் ஒண்டு இருந்தால் அயலட்டைக்கு ஒரு குளிசைக்கும் வழியில்லை" என்று வேலிக்கு மேலால் பேசுகிறா.

டைனமோவை ஏன் ஞாபகப்படுத்தினாய்? அவர் மிதித்து மிதித்து வேர்த்துப் போய் இறங்குவார். சட்டையைப் பிழிந்தால் வாளி நிறையும் என்று நான் பகிடி பண்ணுவேன். நீ நித்திரைக்குப் போன பிறகு ஒருநாள் எனக்காகவும் மிதித்தார், தெரியுமா? பார்க்க ஒன்றுமில்லை, வெறும் கண்ணாடித் துண்டு. "வெளிச்சத்தைப் பாரும்" என்றார். நான் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் எழுதினால் சிரிப்பாய். சிரி. எனக்கு அழுகைதான் வருகிறது.

ஒன்று கேட்கிறேன். உன்னைத் தவிர வேறு ஒருவரிடமும் இதைக் கேட்க முடியாது.

அந்தக் கிருமி அவருடைய கையிலிருந்துதான் வந்ததா?

பொங்கலன்று நீ அப்படிச் சொன்னதற்குத்தான் உன்னை வீட்டைவிட்டுக் கலைத்தேன். பிறகு புதுவருசச் சட்டைகள் தைத்துக்கொண்டிருக்கையில் (இடது காலால்தான் மிதிக்கிறேன்) ஒரு யோசனை வந்தது. மனிதர் தோலில் சும்மா குடியிருக்கும் என்று எழுதினாய். அப்படியென்றால் அவர் தோலில் இருந்தது அன்று தகட்டோடு எனக்குள் வந்திருக்கலாம். அதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பதினாறு வருடமாக எனக்குள் இருக்கின்றன. எங்களுக்குப் பிள்ளை தங்கவில்லை, நிசா. அவர் உடம்பில் இருந்த உயிர் ஒன்று இந்த உலகத்தில் இன்னும் மிச்சம் என்றால் அது என் காலில்தான் இருக்கிறது. அதை மருந்தூற்றிக் கொல்லச் சொல்கிறாயா?

அவருடையது இல்லை என்று நீ எழுது. நாளைக்கே போய்க் கழற்றுகிறேன். அவருடையது என்றால் கிடக்கட்டும், விடு.

அவள் பைத்தியம் என்று உன் கண்டிக்காரரிடம் சொல்லிவிடாதே.

மச்சாள்


கண்டி
11.05.2025

அன்புள்ள மச்சாள்,

நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. நீங்கள் பைத்தியம் என்றால் நான் இரண்டாவது பைத்தியம்.

உங்கள் காலிலிருந்து எடுத்தது வளர்ந்த அன்று, பொன்னிறப் புள்ளிகளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். எனக்கும் அதே எண்ணம் வந்தது. ஒரே வீட்டில் வளர்ந்தவர்களிடம் ஒரே வகைக் கிருமி இருப்பதுண்டு. அதனால் என் மூக்கிலிருந்தும் எடுத்து வளர்த்தேன். இரண்டையும் ஒப்பிட்டேன். என்னோடு வேலை செய்பவர்கள் என்ன ஆராய்ச்சி என்று கேட்டார்கள். சும்மா என்றேன். மூக்குக்குள் அண்ணனைத் தேடுகிறேன் என்று எப்படிச் சொல்ல?

பொருந்தவில்லை.

ஆனால் அதனால் அவருடையது இல்லை என்றும் ஆகாது. இத்தனை வருடத்தில் என்னுடையது மாறியிருக்கலாம். உங்களுக்குள் இருப்பது அவர் கையிலிருந்து வந்திருக்கலாம், டொக்டரின் கையிலிருந்து வந்திருக்கலாம், பள்ளிக்கூட மேசையிலிருந்து வந்திருக்கலாம், உங்கள் தோலிலேயே இருந்திருக்கலாம், பிறகு எப்போதோ ஒரு காயத்தால் வந்திருக்கலாம். எனக்குத் தெரியாது, மச்சாள். இனி ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. "அவருடையது இல்லை" என்று பொய்யாக ஒரு கடிதம் எழுதினேன். உறையிலும் போட்டுவிட்டேன். பிறகு கிழித்தேன். அண்ணாவைப் பற்றி எங்களுக்கு எத்தனையோ பேர் பொய் சொல்லிவிட்டார்கள். கண்டோம் என்றார்கள், முகாமில் இருக்கிறார் என்றார்கள். நானும் அந்த வரிசையில் சேர மாட்டேன்.

சோதனை முடிந்ததும் வளர்த்ததை அழித்துவிட வேண்டும் என்பது எங்கள் ஒழுங்கு. நான் முழுவதையும் அழிக்கவில்லை. ஒரு சின்னக் குப்பியில் போட்டு ஆழ்குளிர்ப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அங்கே அது சாகாது, வளரவும் வளராது. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் கண் அங்கேதான் போகிறது. ஆகவே உங்களுக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அண்ணா டொக்டரின் கையைப் பிடித்து அழுதது எதற்காக? தகட்டுக்காகவா? காலுக்காக அழுதார். நீங்கள் தையல் மிசின் மிதிக்க வேண்டும் என்று அழுதார். அவர் காப்பாற்றியது கால். நீங்கள் தகட்டை வைத்துக்கொண்டு அந்தக் காலை விடப் பார்க்கிறீர்கள்.

இதைப் பற்றி இனி எழுத மாட்டேன். நீங்கள் என்ன முடிவு எடுத்தாலும் நான் உங்கள் மச்சாள்தான்.

நிசாந்தினி


உடையார்கட்டு
06.08.2025

அன்புள்ள நிசா,

படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருக்கும். மூன்று மாதத்தில் முதல் கடிதம். நீ கவலைப்பட்டிருப்பாய்.

முதலில் நல்லது. கால் இருக்கிறது.

உன் கடிதம் வந்த பிறகும் நான் போகவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று இருந்தேன். பிடிவாதத்துக்கு மருந்தில்லை என்று தெரியாமலா சொன்னார்கள். ஆனி மாதம் ஒருநாள் குளிரோடு காய்ச்சல் பிடித்தது. மீனம்மாக்காதான் ஓட்டோ பிடித்து ஏற்றினவா. வழியெல்லாம் ஏசிக்கொண்டே வந்தா. ஆஸ்பத்திரியில் உடனே வெட்டித் தகட்டை எடுத்து, செத்த எலும்பைச் சுரண்டி, இரத்தத்தில் மருந்து ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் காலோடு உயிரும் போயிருக்கும் என்றார் டொக்டர். குளிசை இப்போது ஒன்றும் விடாமல் போடுகிறேன். மீனம்மாக்காவுக்கு ஒன்றும் கொடுப்பதில்லை.

நான் நினைவில்லாமல் கிடந்தபோது மீனம்மாக்கா அறிவித்து நீ வந்து பக்கத்தில் இருந்துவிட்டு, நான் கண் திறக்கிற நேரம் பார்த்துப் போய்விட்டாயாம். "உங்கட மச்சாள் அழுதுகொண்டே இருந்தவா, தான் வந்ததைச் சொல்ல வேண்டாம் எண்டவா" என்று நேர்ஸ் பிள்ளை சொன்னாள். சொல்ல வேண்டாம் என்றால் சொல்லத்தானே செய்வார்கள். நான் உன்னை மறுபடி கலைப்பேன் என்று பயந்தாயா? அந்தப் பயத்தை உனக்குக் கொடுத்தது நான். என் கோபத்தை மறந்துவிடு.

தகட்டை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து காட்டினார்கள். "அம்மா, இதைக் கொண்டுபோறீங்களோ?" என்று கேட்டார்கள். மினுங்கிக்கொண்டு இருக்கும் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். என் விரல் நீளம்கூட இல்லை. கஞ்சி காய்ந்தது போல மேலே ஒரு படை. எவ்வளவு நேரம் பார்த்தும் அவர் அதில் இல்லை, நிசா. வேண்டாம் என்றேன். இரவு முழுக்க அழுதேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த அன்னபாக்கியம் என்ற மனிசி எழும்பி வந்து என் தலையைத் தடவிக்கொண்டு இருந்தா. ஏன் என்று ஒன்றும் கேட்கவில்லை.

இனி ஒன்றை எழுதுகிறேன். இதுவரை வாயாலும் சொல்லவில்லை. உன் அண்ணர் செத்துப்போனார். எங்கே, எப்படி என்று தெரியாது. ஆனால் உயிரோடு இருந்தால் என்னிடம் வராமல் இருக்கிற மனிதன் இல்லை அவர்.

அந்தக் குப்பியை வைத்திருக்காதே. அவரை நான் காலில் வைத்திருந்தது போதும், நீ பெட்டியில் வைத்திருக்க வேண்டாம். அது அவரோ அவரில்லையோ, எரிக்கிறதுக்கு எங்களிடம் வேறு ஒன்றும் இல்லை. கொள்ளி வைப்பது ஆம்பிளைகளின் வேலை, பொம்பிளைகள் வாசல் படலையோடு நின்றுவிட வேண்டும் என்பார்கள். எங்கள் வீட்டில் இனி எந்த ஆம்பிளை? நீ கூடப் பிறந்தவள். நீ வை.

வெள்ளி, சனியில் வேண்டாம். பதினேழாம் திகதி ஞாயிறு நல்லது. நானும் இங்கே அதே நேரம் தலையோடு தோய்ந்துவிட்டு விளக்கேற்றுவேன்.

உன்
மச்சாள்


கண்டி
17.08.2025

அன்புள்ள மச்சாள்,

காலையில் ஆய்வுகூடத்துக்குத் தனியாகப் போனேன். ஞாயிறென்றபடியால் ஒருவரும் இல்லை. குப்பியைப் பெட்டியிலிருந்து எடுத்து, குளிர் போகும்வரை கைக்குள் பொத்தி வைத்திருந்தேன். அப்படிச் செய்யக் கூடாது. செய்தேன்.

கிருமிகளை ஆவியில் அவித்துக் கொல்லும் பெரிய இயந்திரம் ஒன்று இருக்கிறது. அதற்குள் வைத்து மூடி, நானே திருகி இறுக்கினேன். நீங்கள் பொம்பிளைகள் படலையோடு நிற்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் நிற்கவில்லை. ஆவி அடங்கிக் கதவு ஆறும்வரை பக்கத்திலேயே இருந்தேன். தேவாரம் ஒன்று பாடலாம் என்று தொடங்கினேன், இரண்டாம் வரியோடு நின்றுபோனது. பிறகு சத்தம் போட்டு அழுதேன். இத்தனை வருடமும் நான் அவருக்காகச் சத்தம் போட்டு அழுததில்லை, மச்சாள். வந்துவிடுவார், வந்தால் வெட்கமாகிப் போகும் என்று நினைத்திருப்பேன் போல.

அறைக்கு வந்து தோய்ந்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் கிருசாந்தனை, என் அண்ணாவை வழியனுப்பிவிட்டேன். நீங்கள் ஏற்றிய விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு நான் வருகிறேன். எதை வாங்கி வரலாம் என்று எழுத உட்கார்ந்தபோதுதான், அண்ணாவுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்பது எனக்கு மறந்துபோயிருப்பது தெரிந்தது. எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன், வரவில்லை. நான் வந்ததும் சொல்லித் தாருங்கள். இருவருமாகச் சமைத்துப் படைப்போம்.

உங்கள்
நிசா